பழமா, பொதினியா? பழனி மலைக் கதைகளின் வயது

பழனிப் படியில் ஏறும்போது ஒரு கதை எப்படியும் காதில் விழும். மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்ட பிள்ளையைக் கிளப்ப அம்மாவோ தாத்தாவோ சொல்லும் கதை அது. நாரதர் கயிலாயத்துக்கு ஒரு மாம்பழம் கொண்டுவந்தார். அதை அறுக்கக் கூடாது, ஒருவர்தான் முழுதாகச் சாப்பிட வேண்டும். உலகத்தை முதலில் சுற்றி வருபவருக்குப் பழம் என்றார் சிவன். முருகன் மயிலேறிப் பறந்தார். பிள்ளையாரோ அம்மையப்பனை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பழத்தை வாங்கிக்கொண்டார். திரும்பி வந்த முருகன் கோபித்துக்கொண்டு, எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, கோவணத்தோடு இந்த மலையில் வந்து நின்றுவிட்டார். சமாதானம் சொல்ல வந்த பெற்றோர் "உனக்கு எதற்குப் பழம், பழம் நீ" என்றார்கள். பழம் நீ, பழனி. கதை முடிவதற்குள் பிள்ளை ஐம்பது படி ஏறியிருக்கும்.

நல்ல கதைதான். ஆனால் இந்த மலைக்கு இருக்கும் கதை இது ஒன்று மட்டும் இல்லை, இதுதான் மூத்தது என்றும் சொல்ல முடியாது. பழனிக்குப் போகிறவர் ஒரே நாளில் அடிவாரம், படி, பாதிமலை, உச்சி, பிரகாரம் என்று கடந்துவிடுகிறார். அந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு கதை நிற்கிறது. சில சங்க காலத்தவை, சில சித்தர் மரபு கொடுத்தவை, சில வியாபாரிகளும் உழவர்களும் தங்கள் நடைப்பயணத்தில் சேர்த்தவை. எல்லாவற்றையும் ஒரே தலபுராணமாகக் கேட்டுப் பழகியதால் இந்த வயது வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை.

ஊர்ப்பெயரில் இருந்தே தொடங்கலாம். அகநானூற்றில் கடவுள் வாழ்த்தை அடுத்து வரும் முதல் பாட்டு மாமூலனார் பாடியது. அதில் 'நெடுவேள் ஆவி' என்ற தலைவனுக்கு உரிய 'பொதினி' என்னும் ஊர் வருகிறது. அங்கே சாணைக்கல் செய்கிற ஒருவன் அரக்கால் கல்லை ஒட்டுவான். அந்தக் கல்லைப் போல உன்னைப் பிரியவே மாட்டேன் என்று சொன்னவர் பிரிந்து போய்விட்டாரே, சொன்ன சொல்லை மறந்துவிட்டாரா என்று தலைவி கேட்கிறாள். பழனியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பேச்சுகளில் ஒன்று, அரக்கில் ஒட்டிய கல்லையும் பிரிந்துபோன காதலனையும் பற்றியதாக இருக்கிறது! பொதினி மருவித்தான் பழனி ஆயிற்று என்பது தமிழறிஞர்கள் பலருடைய கருத்து. 'பழனம்' என்றால் வயல், வயல் சூழ்ந்த ஊர் பழனி என்போரும் உண்டு. எனக்கு முதல் விளக்கம்தான் வலுவாகப் படுகிறது. காரணம், அந்தப் பாட்டில் ஊரின் பெயரோடு அதை ஆண்ட குடியின் பெயரும் சேர்ந்தே வருகிறது.

அந்தக் குடிதான் ஆவியர் குடி. கடையெழு வள்ளல்களில் ஒருவரான வையாவிக் கோப்பெரும் பேகன் இந்தக் குடியில் வந்தவர். மயில் குளிரில் நடுங்குவதாக நினைத்துப் போர்வையைக் கொடுத்தாரே, அதே பேகன்தான். பள்ளிக்கூடப் பாடம் அத்தோடு நிறுத்திக்கொள்ளும். புறநானூறு நிறுத்துவதில்லை. பேகன் தன் மனைவி கண்ணகியை விட்டுப் பிரிந்திருந்தபோது, கபிலரும் பரணரும் வேறு இரண்டு புலவர்களும் வந்து அவளோடு சேர்ந்து வாழச் சொல்லிப் பாடிய பாட்டுகள் அதில் இருக்கின்றன. மயிலுக்கு இரங்கியவன் மனைவிக்கு இரங்கவில்லையே என்ற குறை அவற்றின் அடியில் ஓடுகிறது. இன்று ஊருக்குள் இருக்கும் வையாபுரிக் குளத்தின் பெயரிலும், அருணகிரிநாதர் தம் திருப்புகழில் சொல்லும் 'வைகாவூர் நாடு' என்ற பெயரிலும் அந்த வையாவியின் எச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது அடிவாரம். அவசரமாக வருகிறவர்கள் பலரும் விட்டுவிடும் கோயில் இங்கேதான் இருக்கிறது, திருவாவினன்குடி. ஆறுபடை வீடுகளில் பழனி மூன்றாவது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கணக்கைத் தருவது நக்கீரரின் திருமுருகாற்றுப்படை. அதில் திருப்பரங்குன்றம், திருச்சீரலைவாய் ஆகியவற்றுக்கு அடுத்து வருவது 'ஆவினன்குடி'தான், மலையுச்சி இல்லை. பெயருக்குக் கோயில் தரும் விளக்கம் வேறு. திருமகள், காமதேனுவாகிய ஆ, சூரியனாகிய இனன், நிலமகளாகிய கு, அக்கினியாகிய டி ஆகியோர் வழிபட்டதால் திரு-ஆ-இனன்-கு-டி என்று பிரித்துச் சொல்வார்கள். சாமர்த்தியமான பிரிப்பு. ஆவியர் குடி இருந்த இடம் என்ற சாதாரண விளக்கத்துக்கு இவ்வளவு உழைப்பு தேவைப்படாது.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நக்கீரரின் ஆவினன்குடியில் முருகன் ஆண்டி இல்லை. குற்றமில்லாத கற்புடைய தன் துணைவியோடு சில நாள் இங்கே தங்குவார் என்கிறது பாட்டு. பிரமனுக்காக முறையிட முனிவர்களும் தேவர்களும் அவரைத் தேடி வருகிறார்கள். குடும்பஸ்தராக, மனு வாங்கும் தலைவராக இருக்கிறார். கோவணம், கோபம், பழம் எதுவும் அந்தப் பாட்டில் இல்லை. இன்று அதே கோயிலில் மூலவர் மயில்மேல் அமர்ந்த குழந்தை வேலாயுதசுவாமி. அதே முருகன் மலைக்கு மேலே மொட்டையோடு தண்டம் ஏந்திய துறவி. ஒரு ஊருக்குள் மூன்று முருகன்கள் என்றே சொல்லலாம்: பாட்டில் கணவன், அடிவாரத்தில் குழந்தை, உச்சியில் ஆண்டி.

அப்படியானால் கோபித்துக்கொண்டு போன கதை எங்கிருந்து வந்தது? அண்ணன் தம்பிப் போட்டி வடமொழிச் சிவபுராணத்திலும் உண்டு. ஆனால் அங்கே பந்தயம் பழத்துக்காக இல்லை, யாருக்கு முதலில் கல்யாணம் என்பதற்காக. கணபதி பெற்றோரைச் சுற்றி ஜெயிக்கிறார், கார்த்திகேயன் வருத்தப்பட்டு, பிரம்மசாரியாகவே கிரவுஞ்ச மலைக்குப் போய்விடுகிறார். மகனைப் பார்க்காமல் இருக்க முடியாத சிவனும் பார்வதியும் பின்னாலேயே போகிறார்கள். அப்படி அவர்கள் போய்த் தங்கிய இடம் ஆந்திரத்தில் இருக்கும் ஸ்ரீசைலம் என்று அந்தத் தலத்து வரலாறு சொல்கிறது. போட்டி அதே போட்டிதான். அங்கே அது அப்பனுக்கு ஒரு ஜோதிர்லிங்கத்தைக் கொடுத்தது, இங்கே மகனுக்கு ஒரு மலையைக் கொடுத்தது. கல்யாணத்தைப் பழமாக மாற்றியதில் தமிழ்க் கதைசொல்லியின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. கல்யாணம் கிடைக்காமல் கோபித்துக்கொண்ட பிள்ளையைவிட மாம்பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்ட பிள்ளை யார் வீட்டிலும் இருப்பான். அதோடு முருகனுக்குத் தமிழில் இரண்டு மனைவியர் இருக்கும்போது பிரம்மசாரிக் கதை சரிப்படவும் சரிப்படாது.

சரி, படி ஏறுவோம். பாத விநாயகரைக் கும்பிட்டுத்தான் தொடங்குவார்கள். பொதுவாகச் சொல்லும் கணக்கு 693 படிகள். குன்று தரைமட்டத்தில் இருந்து ஏறத்தாழ 450 அடி உயரம். படி செங்குத்தாக இருக்கிறது என்பவர்களுக்குப் பக்கத்திலேயே யானைப்பாதை உண்டு. சாய்வாக, அகலமாகப் போகும் இந்தப் பாதையில் நடை கூடும், மூட்டுவலி குறையும். நடக்கவே முடியாதவர்களுக்கு மேற்குக் கிரிவீதியில் விஞ்ச், தெற்குக் கிரிவீதியில் ரோப் கார். விஞ்ச் 1966-இல் ஓடத் தொடங்கியது, ரோப் கார் 2004-இல் வந்தது. தண்டவாளத்தில் பெட்டியைக் கம்பி கட்டி இழுக்கும் விஞ்சுக்கு ஏழெட்டு நிமிடம் ஆகும், ரோப் காருக்கு மூன்று நிமிடம். ஆனால் ரோப் காரை நம்பிப் போகிறவர்கள் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து வீசும் காற்று பலமானால் அதை நிறுத்திவிடுவார்கள். மாதத்தில் ஒருநாளும், வருடத்தில் சில வாரங்களும் பராமரிப்புக்காகவும் நிற்கும். இப்போது மலைக்கோயிலுக்குள் செல்போனும் கொண்டுபோக முடியாது. 2023 அக்டோபர் முதல் தடை. கீழேயே பாதுகாப்பு மையத்தில் கொடுத்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

பாதி வழியில் இடும்பன் சன்னதி. மாம்பழக் கதையைவிட எனக்குப் பிடித்த கதை இவனுடையது. அகத்தியர் கயிலையில் இருந்து சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளைத் தெற்கே பொதிகைக்குக் கொண்டுவரச் சொல்லி இடும்பனிடம் ஒப்படைக்கிறார். இடும்பன் அசுரன். பிரம்மதண்டத்தைத் தோளுக்குக் கம்பாகவும் பாம்புகளை உறிக் கயிறாகவும் வைத்து, முன்னும் பின்னும் ஒவ்வொரு மலையைத் தொங்கவிட்டுத் தூக்கிவருகிறான். கூடவே மனைவி இடும்பி. பழனிக்கு வந்ததும் களைத்துப்போய் இறக்கிவைக்கிறான். மறுபடி தூக்கினால் ஒரு குன்று அசையவில்லை. மேலே பார்த்தால் கோவணம் கட்டிய ஒரு பையன் கையில் தண்டத்தோடு நிற்கிறான், "இது என் மலை" என்கிறான். சண்டை நடக்கிறது. இடும்பன் சாகிறான். இடும்பியும் அகத்தியரும் கெஞ்ச, முருகன் அவனை எழுப்புகிறார். என்னைப் போலத் தோளில் காவடி சுமந்து வருகிறவர்களுக்கு நீ அருள வேண்டும், உன் வாசலில் நான் காவல் நிற்க வேண்டும் என்று இடும்பன் வரம் கேட்டுக்கொள்கிறான். அவன் இறக்கிவைத்த இன்னொரு குன்று பக்கத்தில் இடும்பன் மலையாக நிற்கிறது. காவடி எடுப்பவர்கள் இன்றும் இடும்பனை வணங்கிவிட்டுத்தான் மேலே போகிறார்கள்.

இந்தக் கதை எதை விளக்குகிறது என்பது வெளிப்படை, காவடியை. ஆனால் காவடி முதலில் சடங்குப் பொருள் இல்லை, சுமைதூக்கும் கருவி. தோளில் ஒரு கம்பு, இரு முனையிலும் உறி. தண்ணீரும் தயிரும் உப்பும் தானியமும் இப்படித்தான் ஊர் விட்டு ஊர் போயின. 'கா' என்றாலே அந்தத் தோள்கம்பு. புறநானூற்றில் ஔவையார் கோபித்துக்கொண்டு கிளம்பும்போது தம் இசைக்கருவிகளைக் காவில் கட்டியாயிற்று என்று பாடுகிறார். அன்றாடம் சுமந்த கருவியை அலங்கரித்து, மயில்தோகை கட்டி, சாமிக்கு எடுத்துவந்தார்கள். உழைப்பின் அடையாளமே நேர்த்திக்கடனின் அடையாளம் ஆயிற்று. பால் காவடி, பன்னீர்க் காவடி, புஷ்பக் காவடி என்று பெயர்கள் பெருகியது அப்புறம் நடந்தது.

நகரத்தார் நடைப்பயணம் இதை நேராகக் காட்டுகிறது. செட்டிநாட்டில் இருந்து உப்பு விற்கப் பழனிப் பக்கம் வந்த வணிகர்கள் லாபத்தில் ஒரு பங்கை முருகனுக்கு மகமையாக எடுத்துவைத்தார்கள், அதில் இருந்து தொடங்கியது தங்கள் காவடி என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. இன்றும் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் கூடி, நத்தம், திண்டுக்கல் வழியாகக் காவடிகளோடு நடந்து வருகிறார்கள். எடப்பாடியில் இருந்து வருகிற பருவதராஜகுலத்தவருக்கு வேறு யாருக்கும் இல்லாத ஒரு உரிமை உண்டு. தைப்பூசம் முடிந்த பிறகு வந்து, மலைமேலேயே ஒரு இரவு தங்கலாம். தங்கள் பஞ்சாமிர்தத்தைத் தாங்களே டன் கணக்கில் பிசைந்துகொள்கிறார்கள். பங்குனி உத்திரத்துக்குக் கொங்கு மக்கள் கொடுமுடிக் காவிரியில் இருந்து தீர்த்தக் காவடி எடுத்து வருவார்கள். கோடை தொடங்கும் மாதத்தில் ஆற்றுத் தண்ணீரைச் சுமந்து வந்து மலைமேல் நிற்கும் சாமியைக் குளிப்பாட்டுவதில் உள்ள உழவர் மனசைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

உச்சிக்கு வந்தால் சாமி மேற்கே பார்த்து நிற்கிறார். கேரளத்துப் பக்தர்கள் இதைத் தங்களைப் பார்த்து நிற்பதாகவே சொல்வார்கள். சேரமான் பெருமாள் ஒருவர் இந்தக் கோயிலைக் கட்டினார் என்று கோயில் வரலாறு சொல்வதும் அந்த நெருக்கத்துக்குத் துணை. அவர்களுக்கு இவர் பழனியாண்டவன். தைப்பூச நாட்களில் படியில் தமிழுக்குச் சமமாக மலையாளமும் கேட்கும்.

மூலவர் நவபாஷாணத்தால் ஆனவர் என்பது பழனியின் இன்னொரு பெரிய கதை. போகர் என்ற சித்தர் ஒன்பது பாஷாணங்களை, அதாவது நச்சுப் பொருள்களை, மருந்து முறைப்படி கட்டி இந்த உருவத்தைச் செய்தார், சாமிமேல் பட்ட பொருள் மருந்தாகும் என்பது நம்பிக்கை. தென்மேற்குப் பிரகாரத்தில் போகர் சமாதி இருக்கிறது, அவர் பூசித்ததாகச் சொல்லும் மரகத லிங்கமும் அங்கேதான். அவர் சீனத்துக்குப் போய்வந்தார் என்று அவர் பெயரில் வழங்கும் பாடல்கள் பேசும். போகருக்குப் பிறகு அவருடைய சீடர் புலிப்பாணியின் வழியினர் பூசை செய்தார்கள் என்றும், திருமலை நாயக்கர் காலத்தில் தளவாய் ராமப்பய்யன் அந்த உரிமையை குருக்கள்களுக்கு மாற்றினார் என்றும் வரலாறு சொல்வார்கள். கதைகளுக்கு இடையில் இப்படி ஒரு அதிகார மாற்றமும் மறைந்து கிடக்கிறது. புலிப்பாணி மடம் இன்னும் பழனியில் இருக்கிறது.

மருந்து என்ற நம்பிக்கையே சாமிக்குச் சங்கடமாகவும் ஆனது. அபிஷேகத்துக்கு அபிஷேகம் என்று நூற்றாண்டுக் கணக்கில் ஊற்றியதில் திருமேனி தேய்ந்திருக்கிறது. அதனால் அபிஷேகங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக் கட்டுப்படுத்தினார்கள். 2004-இல் மூலவருக்கு முன்னால் புதிதாக ஒரு ஐம்பொன் சிலையை வைத்தார்கள். பக்தர்கள் எதிர்த்ததால் சில மாதங்களிலேயே அது எடுக்கப்பட்டது, பின்னாளில் அந்தச் சிலை செய்த விவகாரம் வழக்கு வரை போனது. எந்த உலோகத்தைக் கொண்டுவந்தாலும் போகர் கதைக்கு மாற்றாகாது என்பதை அந்தச் சில மாதங்களே காட்டிவிட்டன.

பிரசாதத்தைச் சொல்லாமல் பழனியைப் பற்றி எழுத முடியாது. மாம்பழத்துக்காகப் பிறந்த கோயிலில் பிரசாதம் வாழைப்பழத்தில்! பழனி மலைத்தொடரில் விளையும் விருப்பாச்சி மலைவாழை, நாட்டுச்சர்க்கரை, பசுநெய், தேன், ஏலக்காய்தான் பஞ்சாமிர்தத்தின் அடிப்படை, அதோடு பேரீச்சையும் கற்கண்டும் சேரும். அடுப்பும் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை. விருப்பாச்சிப் பழத்தில் ஈரம் குறைவு, மேலே சர்க்கரையும் தேனும் சேர்வதால் நாள்பட்டாலும் கெடாது. நடந்து வந்தவன் நடந்தே ஊருக்குக் கொண்டுபோகத் தோதான பண்டம். 2019-இல் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டில் ஒரு கோயில் பிரசாதத்துக்குக் கிடைத்த முதல் குறியீடு அது.

எந்த நேரத்தில் தரிசனத்துக்குப் போவது என்பதிலும் ஒரு கதை ஒளிந்திருக்கிறது. ஒரு நாளில் ஆறு கால பூசை. காலையில் விளா பூசையின்போது சாமி சந்நியாசி. அதன் பிறகு வேடன், பாலசுப்பிரமணியர் என்று வேடம் மாறிக்கொண்டே போய், சாயரட்சையில் கிரீடமும் பட்டுமாக ராஜா. பழனிக்குப் போய்வந்தேன் என்றால் பெரியவர்கள் முதலில் கேட்பது "ராஜ அலங்காரமா, ஆண்டிக் கோலமா?" என்றுதான். ஆண்டியாகப் பார்த்தால் நமக்கும் அந்தக் கதி வந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் மாலைவரை காத்திருந்து ராஜாவைப் பார்த்துவிட்டு இறங்குவார்கள். எல்லாவற்றையும் துறந்துவிட்டு வந்து நின்ற பிள்ளைதான் தலத்தின் அடிப்படைக் கதை. ஆனால் கூட்டம் அதிகம் நெருக்குவது அவர் கிரீடம் வைத்துக்கொள்ளும் வேளையில்! சங்கப் பாட்டில் மனு வாங்கிக்கொண்டிருந்த அந்தத் தலைவனை மக்கள் ஒருநாளும் விட்டுக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

இராக்கால பூசையில் அலங்காரத்தை எல்லாம் களைந்துவிட்டு, சாமிமேல் சந்தனத்தைச் சாத்தி நடையடைப்பார்கள். இரவெல்லாம் திருமேனியில் இருந்த அந்தச் சந்தனம் காலையில் பிரசாதம். விடிகாலையில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு ஏறி வருகிறவர்கள் அதற்காகத்தான் கை நீட்டுகிறார்கள். உள்ளே அதே மொட்டையோடு, கையில் தண்டத்தோடு ஆண்டி நிற்கிறார். ராஜா வருவதற்கு இன்னும் சாயரட்சை வரை நேரம் இருக்கிறது.